நாவலை எழுதி முடித்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்து ஆண்டுகளாகக் கூடிக் கவிதை வாசித்து வந்திருக்கும் ஒரு வட்டத்தில் நாவலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். தமிழ் நாவலின் பிறப்பை நினைத்துப் பார்த்தால் அந்த ஐயம் எழாது. தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நீதிநூலும் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் பாடிய கவிஞர். மாயூரத்தில் முன்சீப்பாக உத்தியோகம் பார்த்தவர். ஆக, இந்த மொழியில் நாவலின் வாயிலைத் திறந்து வைத்தவர் ஒரு கவிஞர். அதிலும் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதி ஓய்ந்த நேரத்தில் எழுதிய கவிஞர்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாரதியார் 'சந்திரிகையின் கதை' என்ற நாவலைத் தொடங்கினார். 1921இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகம் 1925இல் அவருடைய மறைவோடு நின்றது. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1942இலும், கல்கியின் 'அமரதாரா' 1954இலும் இவ்வாறே நின்றன. 'அமரதாரா'வைக் கல்கியின் மகள் ஆனந்தி பிறகு எழுதி நிறைவு செய்தார். இவர்கள் எல்லோரும் பேனாவைக் கையில் பிடித்திருந்தபோதே காலன் குறுக்கிட்டான். அதற்கு எழுதியவர் பொறுப்பல்லர்.

டிரங்குப் பெட்டிகளிலும் மேசை இழுப்பறைகளிலும், இந்நாளில் கணிப்பொறியின் ஒரு மூலையிலும், அரைகுறையாகக் கிடக்கிற நாவல்களின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றை மரணம் நிறுத்தவில்லை. எழுதியவர் நலமாக இருக்கிறார்; அலுவலகம் போகிறார்; கவியரங்கில் பாடுகிறார். நாவல் மட்டும் நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டது. இவ்வுரை அந்த நாற்பதாம் பக்கத்தைப் பற்றியது.

நாவல் ஒன்று பாதியில் நின்றால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கவிதை ஒரு கணத்தைக் காப்பாற்றும். ஒரு தெருவின் முப்பது ஆண்டுகளைக் காப்பாற்ற நாவல்தான் வேண்டும். தறியை விட்டு இறங்கிய தலைமுறை, கிணறு வற்றியதால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன குடும்பம், ஊரில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பெண், அவள் படிப்புக்காக நகையை அடகு வைத்த தாய் ஆகிய இவர்களையெல்லாம் அருகிலிருந்து அறிந்தவர் ஓரிருவரே. அந்த ஓரிருவரில் ஒருவர் நாற்பதாம் பக்கத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டால், அந்தத் தெருவை எழுத இன்னொருவர் வரப்போவதில்லை. தெரு இடிந்துபோகும், தெரிந்தவரும் போய்விடுவார்.

நாவல் ஏன் நிற்கிறது? திறமைக் குறைவால் நிற்பது மிக அரிது. தொடங்கத் தெரிந்தவருக்குத் திறமை இருக்கத்தான் செய்கிறது. நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பழக்கம். கவிஞர்களைப் பொறுத்தவரை அது நல்ல பழக்கமாகவே இருக்கும். கவிதை எழுதுகிறவர் ஒரு சொல் சரியாக அமையும்வரை அடுத்த சொல்லுக்குப் போகமாட்டார். பன்னிரண்டு வரிக்கு அது பொருந்தும். அதே பழக்கத்தோடு இருநூறு பக்கத்தை அணுகுகிறவர் ஒவ்வொரு நாளும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறார், நேற்று எழுதியதைத் திருத்துகிறார், திருத்தியதைப் படியெடுக்கிறார். ஓராண்டு கழிந்ததும் முதல் அத்தியாயம் இருபது முறை எழுதப்பட்டிருக்கும். இருபதாம் அத்தியாயம் ஒரு முறைகூட எழுதப்பட்டிராது.

ஆகவே முதல் அறிவுரை இதுதான்: முதல் வரைவு முடியும்வரை திருத்த உட்காரக் கூடாது. நேற்றைய கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு இன்றைய பக்கத்துக்குப் போக வேண்டும். எழுதிக்கொண்டு போகும்போது, அத்தையின் வயது மூன்றாம் அத்தியாயத்தில் தவறாக இருப்பது நினைவுக்கு வரும். கடைக்காரரின் பெயரை மாற்ற வேண்டும் என்று தோன்றும். அவற்றைத் தனிக் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதி வைத்துவிட்டு மேலே நடக்க வேண்டும். கரடுமுரடான வாக்கியம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வீடு கட்டுகிறவர்கள் முதல் அறையின் சுவர் எழும்பியவுடனே அதற்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பதில்லை. கூரை ஏறிய பிறகுதான் பூச்சு வேலை.

அடுத்தது அளவு. தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ இருநூறு சொற்கள் அடங்கும். இருநூறு பக்க நாவலுக்கு நாற்பதாயிரம் சொற்கள் வேண்டும். நாளொன்றுக்கு இருநூறு சொற்கள் எழுதுகிறவர் இருநூறு நாட்களில் முதல் வரைவை முடித்துவிடுவார். கலியாணம், காய்ச்சல், வெளியூர்ப் பயணம் என்று விட்டுப்போகும் நாட்களைக் கழித்தாலும் ஓராண்டு போதும். இருநூறு சொல் என்பது சாதாரணக் கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம். இந்தக் கணக்கைக் கேட்டதும் சிலருக்கு மனம் சுருங்கும். கலையைக் கணக்குப் பார்க்கலாமா என்பார்கள்.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலோப்பும் இந்தக் கேள்வியைச் சந்திக்க நேர்ந்தது. அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அஞ்சல் துறையில் பணி செய்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுத உட்காருவார். தன்னை எழுப்பிக் காப்பி கொண்டுவந்து தருவதற்காக வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்து வந்தார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதினார். காலைச் சிற்றுண்டிக்கு முன் அன்றைய எழுத்து முடிந்துவிடும், பிறகு அலுவலகம். இப்படி எழுதியவை 47 நாவல்கள். அவர் மறைந்தபின் 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் இந்தக் கணக்கைப் படித்த விமரிசகர்கள் முகம் சுளித்தார்கள்; அவருடைய புகழும் சில காலம் மங்கியது. நாவல்களோ இன்றும் படிக்கப்படுகின்றன. டிராலோப்பின் வேகம் எல்லோருக்கும் வாய்க்காது. வாய்க்க வேண்டியதும் இல்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் உட்காரும் வழக்கத்தை. அலுவலகமும் குடும்பமும் உள்ளவர்க்கு நாள் முழுதும் ஓய்வு என்று ஒன்று வராது. ஓய்வு பெற்றபின் எழுதலாம் என்று வைத்திருக்கிற நாவலுக்கு, அந்த நாள் வரும்போது கண்பார்வை போதாமல் போகலாம்.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். வீட்டில் எல்லோரும் எழும் முன்போ, எல்லோரும் உறங்கிய பின்போதான் அவர்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு உரிமை கேட்பதும் நாவல் எழுதுவதில் ஒரு பகுதி. வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லாமல் ஒளித்து எழுதப்படுகிற நாவல் எளிதில் நின்றுவிடுகிறது. இன்ன நேரம் எழுத்துக்குரியது என்று வீட்டில் அனைவரும் அறிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒவ்வொரு நாளும் எழுதி நிறுத்தும் இடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. சொல்ல வேண்டியதையெல்லாம் அன்றே சொல்லித் தீர்த்துவிட்டு எழுந்தால், மறுநாள் காலை வெற்றுத்தாள் அச்சுறுத்தும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே, ஒரு காட்சியின் நடுவில் நிறுத்திவிட்டு எழுந்தால் மறுநாள் பேனா தானே நகரும். மறுநாள் மாவு புளிக்கச் சிறிது பழைய மாவை மிச்சம் வைப்பது போன்றது இது.

தொடங்குவதற்குமுன் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது பலரும் கேட்கும் கேள்வி. முடிவுவரை தெரிந்திருக்க வேண்டியதில்லை. டால்ஸ்டாய் முதலில் எழுத நினைத்தது 1856இல் தண்டனை முடிந்து ஊர் திரும்பும் ஒரு டிசம்பர் புரட்சிக்காரரின் கதையை. அந்த மனிதரைப் புரிந்துகொள்ள 1825ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் போனார். அதைப் புரிந்துகொள்ள 1812ஆம் ஆண்டின் போருக்குப் போனார். அதற்கும் முன்னால் 1805இல் தொடங்கினார். 1869இல் முடிந்த நூல் 'போரும் அமைதியும்'. எழுத நினைத்த கதையை அவர் முடிக்கவேயில்லை. அதைவிடப் பெரியதை எழுதி முடித்தார். திட்டம் மாறினால் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஆயினும் நான்கு செய்திகள் முதல் நாளே கைவசம் இருப்பது நலம். கதை யாருடையது, அது நடக்கும் ஊர் எது, எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிகிறது, அந்த இடைவெளியில் அந்த மனிதருக்கு எது மீட்க முடியாமல் மாறிப்போகிறது என்பன. இவற்றோடு, ஒரு தாளில் பாத்திரங்களின் பிறந்த ஆண்டு, மணமான ஆண்டு, இறந்த ஆண்டு ஆகியவற்றை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். தெருவின் வரைபடம் ஒன்று. கோயில் எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்று. மாதங்களும் முக்கியம். ஐப்பசி அடைமழையில் மாமரம் பூத்தால், தோப்பு வைத்திருக்கும் வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். இந்த ஒழுங்கு கற்பனைக்குத் தடை ஆகாது. நடுவில் வழி தவறும்போது திரும்பிப் பார்க்க ஓர் அடையாளமாக நிற்கும்.

ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஜம் கிருஷ்ணன் களத்துக்குச் சென்று மக்களோடு பழகி எழுதியவர். நீலகிரிப் படகர்களின் வாழ்வை 'குறிஞ்சித்தேன்' நாவலிலும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்வை 'கரிப்பு மணிகள்' நாவலிலும் எழுதினார். அவருடைய முன்மாதிரியைப் பலர் பாதி மட்டும் பின்பற்றுகிறார்கள். களத்துக்குப் போகிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள், மேலும் ஒரு முறை போகிறார்கள். இன்னும் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது என்ற எண்ணம் தீர்வதேயில்லை. ராஜம் கிருஷ்ணன் போனார், கேட்டார், திரும்பி வந்து எழுதி முடித்தார். மூன்றாவது செயல்தான் அவரை நாவலாசிரியராக்கியது. எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு செய்தி தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே போகலாம். உப்பு வாரும் பலகைக்கு என்ன பெயர் என்று அறிந்துவர ஒரு வாரம் நாவலை நிறுத்தினால், அந்த வாரம் ஒரு மாதமாகும்.

இனி அந்த நாற்பதாம் பக்கம். அங்கே நாவல் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. எந்த நிகழ்ச்சி அல்லது எந்த மனிதர் மனத்தைத் தைத்ததால் எழுதத் தொடங்கினாரோ, அந்தத் தைப்பு அதற்குள் தீர்ந்துபோகிறது. அது ஒரு கவிதைக்கோ சிறுகதைக்கோ போதுமான விசை. அதற்குப்பின் நாவலைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியவர்கள் மற்ற மனிதர்கள். கவிதையில் பெரும்பாலும் ஒரு குரல் போதும். நாவலில் அண்ணனுக்கு ஒரு நியாயம் இருந்தால் தம்பிக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். நிலத்தை விற்கக் கூடாது என்கிற தந்தையின் பக்கமே ஆசிரியர் நின்றுகொண்டிருந்தால் நாற்பது பக்கத்தில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. விற்றே ஆக வேண்டும் என்கிற மகனின் கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது, எந்த நாளுக்குள் கட்ட வேண்டும் என்று தேடிப் போனால் அடுத்த அறுபது பக்கம் தானே திறக்கும். தேங்கி நிற்கும் இடத்தில் எழுதுபவர் தமக்குப் பிடிக்காத பாத்திரத்தின் அறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். வழி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அப்படியும் நகரவில்லையென்றால், மனத்தில் தெளிவாகத் தெரிகிற பின்னாலுள்ள ஒரு காட்சியை முதலில் எழுதிவிடலாம். அத்தியாயங்களை வரிசைப்படி படிக்க வேண்டியவர் வாசகர். எழுதுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நின்றுபோன நாவல் செத்துப்போனதாகவும் எண்ண வேண்டாம். மாதவையா 'சாவித்திரி சரித்திரம்' என்ற நாவலை 1892இல் 'விவேக சிந்தாமணி'யில் எழுதத் தொடங்கி அது இடையில் நின்றுபோனது. 1903இல் அதுவே 'முத்துமீனாட்சி' என்ற நூலாக வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 'சரஸ்வதி' இதழில் வெளிவரத் தொடங்கி அங்கே முற்றுப்பெறவில்லை; 1966இல் முழு நூலாக வந்தது. பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதியவரும் அவரே. ஆண்டுகள் பல கடந்தும் பெட்டியைத் திறந்து பழைய தாளை எடுக்கலாம். எழுத்தின் மை மங்கியிருக்கும். கதையைப் பற்றிய அறிவு கூடியிருக்கும்.

இதுவரை சொன்னவை எழுதுபவர் தனியாகச் செய்ய வேண்டியவை. தனியாக மட்டும் முடிகிற காரியமா இது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழில் நெடிய நூல்கள் முடிந்த வரலாற்றைப் பார்த்தால், முடிப்பவரின் பின்னால் காத்திருப்பவர் ஒருவர் எப்போதும் தென்படுகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களைப் பாடிய விதத்தை உ. வே. சா. விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஏடும் எழுத்தாணியும் கொண்டு மாணவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். ஆசிரியர் செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போவார். நூல் அவையில் பகுதி பகுதியாக அரங்கேறும். ஊரார் கூடியிருப்பார்கள், அடுத்த பகுதிக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாளில் பாட்டு இருந்தாக வேண்டும்.

அச்சு வந்தபின் அந்த வேலையை இதழ்கள் ஏற்றுக்கொண்டன. பி. ஆர். ராஜம் ஐயர் 'கமலாம்பாள் சரித்திர'த்தை 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' மாத இதழில் எழுதினார்; 1896இல் நூலாயிற்று. தொடங்கியபோது அவர் இருபது வயதைக் கடந்த இளைஞர். 1898இல் தம் இருபத்தாறாம் வயதில் மறைந்துவிட்டார். மாதந்தோறும் அத்தியாயத்துக்குக் காத்திருந்த ஓர் இதழ் இல்லாதிருந்தால், அவ்வளவு குறுகிய வாழ்நாளில் அந்த நாவல் முடிந்திருக்குமா என்று சொல்ல முடியாது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்து ஐந்து பாகங்களாக நிறைவு பெற்றதும் அப்படித்தான். கெடு என்பது கடுமையாகவும் இருக்கக்கூடும். தாஸ்தாயெவ்ஸ்கி 1866 நவம்பர் 1ஆம் தேதிக்குள் ஒரு நாவலைக் கொடுக்காவிட்டால் ஒன்பது ஆண்டுகளுக்குத் தம் எழுத்தின் உரிமையைப் பதிப்பாளரிடம் இழக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் சிக்கியிருந்தார். அன்னா என்ற இளம் சுருக்கெழுத்தாளரை அமர்த்திக்கொண்டு 26 நாட்களில் 'சூதாடி'யைச் சொல்லி முடித்தார்.

தொடர்கதையால் வந்த கேடுகளும் உண்டு. வாரக் கடைசியில் ஒரு திடுக்கிடலை வைப்பதற்காகக் கதை வளைக்கப்பட்டது, இதழின் தேவைக்காக நீட்டப்பட்டது, திருத்தப்படாமலே நூலாக்கப்பட்டது. அந்தக் கேடுகளைக் கண்டித்த காலம் ஒன்று இருந்தது. இன்று அச்சிதழ்களில் தொடர்கதைக்கு இடம் மிகவும் சுருங்கிவிட்டது. கேடு போயிற்று, கூடவே கெடுவும் போயிற்று. புதிதாக எழுதுகிறவரின் அடுத்த அத்தியாயத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை.

இலக்கிய வட்டங்கள் செய்யக்கூடிய காரியம் இங்கேதான் இருக்கிறது. கவியரங்கத்துக்கு நாள் குறிப்பதால் எத்தனை கவிதைகள் பிறந்திருக்கின்றன என்பது இங்குள்ளவர்க்குத் தெரியும். அதே போல மாதம் ஒரு முறை, நாவல் எழுதும் உறுப்பினர் ஒருவர் ஓர் அத்தியாயத்தை வாசிக்கட்டும். நான்கு பேர் உட்கார்ந்து கேட்டால் போதும். நாள் மட்டும் தவறக் கூடாது. கேட்பவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். நாவல் முடியும்வரை சொல்லைத் திருத்தக் கூடாது. உவமையைக் குறை கூறக் கூடாது. ஆகா என்று புகழவும் கூடாது. புகழ்ச்சியும் நாவலை நிறுத்தும். முதல் அத்தியாயத்துக்கே மாலை விழுந்துவிட்டால் இரண்டாம் அத்தியாயத்தை எழுதக் கை நடுங்கும். கேட்பவர்கள் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்கலாம்: எந்த இடத்தில் புரியவில்லை, அடுத்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த இரண்டாம் கேள்விதான் எழுதுபவரைப் பேருந்து நிலையம்வரை துரத்திக்கொண்டு வந்து, அன்றிரவே உட்கார வைக்கும்.

எங்கே முடிப்பது என்பதில் பலர் தயங்குகிறார்கள். எல்லா முடிச்சும் அவிழ வேண்டும் என்பதில்லை. 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, திடீரென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. கல்கி ஒரு முடிவுரை எழுதி, வரலாற்று நாவலில் பாத்திரங்களின் வாழ்வு கதைக்கு வெளியிலும் தொடர்வதை எடுத்துக்காட்டி, பின்னர் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றும் குறிப்பிட்டார். தொடக்கத்தில் எந்த மாற்றத்தைச் சொல்ல நாவல் எடுக்கப்பட்டதோ, அந்த மாற்றம் நிகழ்ந்து, இனித் திரும்ப முடியாது என்று வாசகர் உணரும் இடம்தான் முடிவு. அதற்குப்பின் வரும் பக்கங்கள் பெரும்பாலும் எழுதுபவருக்குப் பாத்திரங்களைப் பிரிய மனமில்லாததால் எழுதப்படுபவை.

முதல் வரைவு முடிந்த அன்று அதைக் கட்டி ஒரு மாதமாவது கண்ணில் படாமல் வைக்க வேண்டும். பிறகு எடுத்து, பேனாவைத் தொடாமல் ஒரே மூச்சில் முழுவதும் படிக்க வேண்டும். கவிஞரின் செவிக்கு வேலை இப்போதுதான் வருகிறது. உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால், பாட்டியும் பேத்தியும் ஒரே குரலில் பேசுகிற இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் சொல்லியிருப்பது தெரியும். முதல் அத்தியாயம் பல நாவல்களில் எழுதுபவர் சூடேறுவதற்காக எழுதியதாகவே இருக்கும். அதை நீக்கினால் நாவல் இரண்டாம் அத்தியாயத்தில் நன்றாகத் தொடங்கும். அழகான வருணனை ஒன்று கதையை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டியதுதான். கவிஞர்களுக்கு இது வலிக்கும். எடுத்ததை எறிய வேண்டியதில்லை. அது வேறொரு நாள் கவிதையாகலாம். குறிப்பேட்டில் சேர்த்து வைத்த திருத்தங்களையெல்லாம் செய்து முடித்தபின், இரண்டு பேரிடம் முழுப் பிரதியைக் கொடுக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது எழுத்தாளராக இல்லாதிருப்பது நலம்.

அதன்பின் பதிப்பு. அது எழுதுபவர் கையில் இல்லை. ப. சிங்காரத்தின் வரலாறு அதைக் காட்டும். தென்கிழக்கு ஆசியாவில் வாழ்ந்து திரும்பிய அவர், மதுரையில் நாளிதழ் ஒன்றில் பணி செய்தவர். எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடிக்கப்பட்டு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருந்து 1972இல் அச்சேறியது. வெளிவந்தபோதும் பேசியவர்கள் மிகச் சிலரே. அவர் வேறு நாவல் எழுதவில்லை. 1997இல் அவர் மறைந்தபின்தான் அந்நூலின் பெருமை பரவலாக உணரப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மலேயாவிலும் இந்தோனேசியாவிலும் அலைந்த தமிழரின் வாழ்வை அறிய விரும்புகிறவர் இன்று அந்த நாவலைத்தான் முதலில் எடுக்கிறார்.

அதில் எண்ணிப் பார்க்க ஒன்று உண்டு. பதிப்பாளர் தாமதித்தார்கள், விமரிசகர்கள் தாமதித்தார்கள், வாசகர்கள் தாமதித்தார்கள். அத்தனை தாமதத்தையும் அந்த நாவல் பொறுத்துக்கொண்டது, அது முடிந்திருந்ததால். முடிந்த நூலுக்குக் காலம் ஒரு வாசகரைத் தேடித் தரும். நாற்பதாம் பக்கத்தில் நின்ற நூலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. உறுப்பினர்களில் யாரிடமெல்லாம் அரைகுறை நாவல் இருக்கிறது என்பது அவரவர்க்குத் தெரியும். அதை எடுத்துத் தூசி தட்டி, கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஓர் அத்தியாயத்தோடு வர வேண்டும். கேட்பதற்கு நான்கு பேர் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால், இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது அதன் பின்பக்கத்தில் உறுப்பினர்களின் கவிதைத் தொகுப்புகளுக்கு அருகே சில நாவல்களின் பெயர்களும் இருக்கும்.